கலிபோர்னியாவில் டர்போ காரை மாடிஃபை செய்வது: புகைச் சட்டத்தை மீறாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

இந்தப் பக்கம் கலிபோர்னியாவில் டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்காக. எடுத்துக்காட்டுக்கு 2015 முதல் 2021 வரை வந்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸை வைத்துக்கொள்வோம். 2 லிட்டர் டர்போ என்ஜின், 268 குதிரைத்திறன். வாங்கிய வாரமே "இதில் இன்னும் என்ன செய்யலாம்?" என்று தேட வைக்கும் வண்டி. கோல்ஃப் ஜிடிஐ, மஸ்டாங் ஈகோபூஸ்ட், சிவிக் டைப் ஆர் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். வண்டி வேகமாகவும் இருக்க வேண்டும், நம் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றும் கெடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றாக நடக்கும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதைத் தொடக் கூடாது?

காற்று என்ஜினுக்குள் போகும் வழி, எரிபொருளும் பற்றவைப்பும் கட்டுப்படும் விதம், நச்சுப்புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைப் புகை தாண்டும் வரையிலான பாதை. இந்த மூன்றிலும் கை வைப்பதாக இருந்தால் மாநில அரசின் ஒப்புதல் எண் உள்ள பாகம் மட்டுமே. டயர், பிரேக், சஸ்பென்ஷன், சீட், வீல் ஆகியவற்றுக்கும் புகைச் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அந்த ஒப்புதல் எண் என்பது என்ன?

ஈஓ எண் என்பார்கள். கொடுப்பது கலிபோர்னியா காற்று வள வாரியம். எல்லோரும் சொல்வது கார்ப். வாரியம் 1967இல் உருவானது. அதற்கு முன்பே, 1950களின் தொடக்கத்தில், கால்டெக்கில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர் லாஸ் ஏஞ்சலஸைச் சூழ்ந்த கண்ணெரிச்சல் புகைக்கு மூலகாரணம் என்ன என்று காட்டிவிட்டார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன. மூன்று பக்கம் மலை, மேலே மூடிபோல் வெப்பக் காற்று. புகை வெளியேற வழியில்லை. கார்ப் வாரியத்தின் முதல் தலைவரும் ஹாகன்-ஸ்மித்தான்.

மாநிலத்தின் வாகனச் சட்டம் 27156ஆம் பிரிவு, புகைக் கட்டுப்பாட்டு அமைப்பின் திறனைக் குறைக்கும் எந்த மாற்றத்தையும் தடை செய்கிறது. பாகத்தைத் தயாரிக்கும் நிறுவனம் ஆய்வகத்தில் சோதித்து, "இதைப் போட்டாலும் வண்டி புகை வரம்புக்குள்ளேயே இருக்கிறது, புகைக் கோளாறுகளைக் கவனிக்கும் ஓபிடி கண்காணிப்பும் ஒழுங்காக வேலை செய்கிறது" என்று நிரூபித்தால், கார்ப் அந்தப் பாகத்துக்கு விலக்கு ஆணை கொடுக்கும். அந்த ஆணையின் எண்தான் ஈஓ. 'டி' என்ற எழுத்தில் தொடங்கி, கோடு போட்டு, எண்கள் வரும்.

பெட்டியில் "50 மாநிலங்களிலும் செல்லும்" என்று போட்டிருக்கிறதே, போதாதா?

போதாது. ஈஓ எண்ணைக் கேளுங்கள். விற்பவர் எண் தரவில்லை என்றால் அந்தப் பாகம் வேண்டாம்.

எண் கிடைத்ததும் கார்ப் இணையதளத்தில் உள்ள ஆஃப்டர்மார்க்கெட் (வெளி நிறுவன) பாகங்கள் பட்டியலில் தேடி, ஆணையைத் திறந்து முழுவதும் படியுங்கள். ஓரிரு பக்கம்தான் இருக்கும். எந்த ஆண்டு, எந்த மாடல், எந்த என்ஜின், எந்தப் பாக எண் என்று அதில் இருக்கும். 2015 முதல் 2018 வரை என்று எழுதியிருந்தால் 2019 வண்டிக்கு அது செல்லாது. பாகம் கச்சிதமாகப் பொருந்தினாலும் செல்லாது. கியர்பாக்ஸ் வகையைக் குறிப்பிட்டிருக்கலாம். அந்தப் பாகத்தோடு வேறு எதையும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கலாம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்: இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் குழாய்) ஒரு ஈஓ, ட்யூனுக்கு (என்ஜின் கணினி மென்பொருள் மாற்றம்) ஒரு ஈஓ வாங்கிவிட்டு இரண்டையும் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ட்யூனின் ஆணை கம்பெனி இன்டேக் இருக்கும் வண்டியைச் சோதித்துக் கொடுக்கப்பட்டிருந்தால், இரண்டும் சேர்ந்த அமைப்புக்கு அது பொறுப்பேற்காது.

பாகத்தோடு ஒரு ஸ்டிக்கர் வரும். அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், எண்ணெய் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஆணையை ஒரு பிரதி எடுத்து டாஷ்போர்டில் வையுங்கள்.

ஸ்டேஜ் 1 ட்யூன் போடலாமா?

ஸ்டேஜ் 1 என்றால் பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றுவது. ஈஓ உள்ள ட்யூனாக இருந்தால் தாராளமாக. டர்போ வண்டியில் செலவழிக்கும் டாலருக்கு இவ்வளவு பலன் தரும் வேலை வேறு இல்லை.

காரணம் இதுதான். டர்போ இல்லாத என்ஜினில் ட்யூன் செய்து பெறக்கூடியது கொஞ்சம். டர்போ என்ஜினிலோ, எவ்வளவு காற்றைத் திணிப்பது என்பதையே கணினி முடிவு செய்கிறது. புகையின் விசையில் டர்பைன் சுழல்கிறது. பூஸ்ட், அதாவது திணித்த காற்றின் அழுத்தம், போதும் என்றதும் வேஸ்ட்கேட் திறந்து மிச்சப் புகையைப் பக்கவாட்டில் விடுகிறது. அந்த வேஸ்ட்கேட்டை எப்போது திறப்பது என்று சொல்வது இசியு எனும் என்ஜின் கணினி. கம்பெனி அதை எச்சரிக்கையாக அமைத்திருக்கும்: கொளுத்தும் வெயிலிலும், மலை உச்சியிலும், மட்டமான பெட்ரோலிலும், பராமரிப்பே பார்க்காத கைகளிலும் என்ஜின் உடையக் கூடாது என்பதற்காக. அந்த இடைவெளியில்தான் ட்யூன் வேலை செய்கிறது. நடு ஆர்பிஎம்மில் டார்க் கூடும். ஹைவேயில் ஏறும்போது கால் வைத்த கணமே தெரியும்.

எல்லா ட்யூனும் சட்டப்படியானது என்று எண்ண வேண்டாம். ஒரு நிறுவனம் தன் தயார் மேப்புக்கு (இசியுவில் ஏற்றும் ட்யூன் கோப்பு) ஈஓ வாங்கியிருக்கும்; அதே கருவியில் ஏற்றும், புகைக்குழாயையும் மாற்றிய வண்டிக்கான ஸ்டேஜ் 2 மேப்புக்கு இருக்காது. டைனோ என்ற திறன் அளக்கும் கருவியில் ஏற்றி உங்கள் வண்டிக்கென்றே எழுதித் தரும் புரோ-ட்யூன், மின்னஞ்சலில் வரும் இ-ட்யூன் போன்ற தனிப்பயன் மேப்புகளுக்கு ஈஓ கிடையாது. எழுதுபவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் கலிபோர்னியா சாலையில் அது செல்லாது.

முன்பு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இப்போது இருக்கிறது. 2021 ஜூலை 19 முதல் மாநிலத்தின் கட்டாயப் புகைச் சோதனையான ஸ்மாக் சோதனையில் இசியு மென்பொருளின் அடையாளத்தையும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் படிக்கிறார்கள். கம்பெனி மென்பொருளோ ஈஓ பெற்ற மென்பொருளோ அல்லாத வேறொன்று இருந்தால் வண்டி தோற்கும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியா பங்க்குகளில் கிடைக்கும் பிரீமியம் 91 ஆக்டேன். பல மாநிலங்களில் 93 கிடைக்கும், இங்கே இல்லை. 93க்கு எழுதிய மேப்பை இங்கே ஓட்டினால் என்ஜின் நாக் ஆகும், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடிக்கும். அரிசோனா, கலிபோர்னியா, நெவாடா பெட்ரோலுக்கென்றே ட்யூனர்கள் ஏசிஎன்91 என்று தனி மேப் வைத்திருப்பார்கள். உங்கள் ட்யூனின் ஈஓ அந்த மேப்பையும் உள்ளடக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்மாக் சோதனைக்கு முன்பு கம்பெனி மேப்பை மறுபடி ஏற்றிவிட்டால்?

சோதனை முடிந்து வெளியே வந்து பழைய ட்யூனை ஏற்றிய நிமிடமே மறுபடியும் சட்ட மீறல்தான். நண்பர்கள் சொல்லித்தரும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல. சோதனை நாளில் மட்டும் சுத்தமாக ஓடும் வண்டியால் காற்றுக்கு ஒரு பயனும் இல்லை.

ஜே-பைப்பை மாற்றினால்தான் முழுப் பலன் என்கிறார்கள். ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் உள்ளதைப் போடலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அதிகம் பேர் சறுக்கும் இடம் இது.

டபிள்யூஆர்எக்ஸில் டர்போ என்ஜினின் முன்பக்கம், கீழே இருக்கிறது. அதிலிருந்து வளைந்து பின்னோக்கிப் போகும் குழாயின் வடிவத்தால் அதற்கு ஜே-பைப் என்று பெயர்; மற்ற வண்டிகளில் டவுன்பைப். கன்வெர்ட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. தேன்கூடு போன்ற சன்னமான அறைகள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. அந்த இடைஞ்சலை எடுத்துவிட்டால் டர்போ சீக்கிரம் சுழலும், ட்யூனர் இன்னும் பூஸ்ட் ஏற்றலாம் என்பது உண்மை.

ஆனால் அந்தக் கன்வெர்ட்டர் ஏன் டர்போவுக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது? சூடானால்தான் அது வேலை செய்யும். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒரு நவீன காரின் நச்சுப்புகையில் பெரும்பகுதி, காலையில் குளிர்ந்த என்ஜினை முடுக்கிய முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் வெளியேறுவதே. நாளை காலை உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது டாக்கோமீட்டரைக் கவனியுங்கள். ஐடிலிங் வழக்கத்தைவிட மேலே நிற்கும், சத்தம் கரகரப்பாக இருக்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக இறங்கும். பற்றவைப்பை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, சூட்டைப் புகைக்குழாய்க்குள் தள்ளி, கன்வெர்ட்டரை எழுப்பிக்கொண்டிருக்கிறது இசியு. பொறியாளர்கள் பார்த்துப் பார்த்து அமைத்த அந்த முதல் நிமிடத்தைத்தான் டவுன்பைப் மாற்றம் குலைக்கிறது.

கன்வெர்ட்டரே இல்லாத குழாய், பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு அமெரிக்காவில் எங்குமே சட்ட விரோதம். 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் மத்திய அரசுச் சட்டம், கலிபோர்னியாவுக்கு மட்டும் உரியதில்லை. "ஹை-ஃப்ளோ" என்று விற்பதற்கும் ஈஓ இல்லாமல் இங்கே இடமில்லை. மாற்றுக் கன்வெர்ட்டர்களுக்கான விதிகளை 2009இல் கார்ப் இன்னும் இறுக்கியது. ஈஓ உள்ள மாற்றுக் கன்வெர்ட்டரைக்கூட, பழைய கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டுப்போய், அதன் உத்தரவாதமும் முடிந்த பிறகே போடலாம். நன்றாக இருப்பதைக் கழற்றிவிட்டுப் போட அனுமதி இல்லை.

பின் ஆக்சிஜன் சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி வைக்கும் ஸ்பேசர் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு விற்கிறார்கள். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள சென்சார்களை ஒப்பிட்டுத்தான் இசியு பி0420 என்ற பிழையை எழுப்புகிறது. அந்த ஒப்பீட்டை ஏமாற்றுவதற்கே இந்தத் துண்டு. மென்பொருளில் அந்தப் பிழையை அணைத்துவிடுவதும் அதே குற்றம். 2020 முதல் 2023 வரை மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய ஏமாற்றுக் கருவிகளை முன்னுரிமை கொடுத்துத் துரத்தியது. 2022இல் பிரபல ட்யூன் நிறுவனமான கோப் ட்யூனிங் தன் மென்பொருளிலிருந்து புகைக் கண்காணிப்பை அணைக்கும் வசதிகளையே நீக்கிவிட்டது.

என் கருத்து: ஜே-பைப்பை மறந்துவிடுங்கள். ஸ்டேஜ் 2 ஆசை கலிபோர்னியாவில் இந்த வண்டிக்குச் சரிப்படாது.

இன்டேக்?

ஈஓ உள்ளவை பல வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. "வெறும் காற்றுக் குழாய்தானே, இதற்கு எதற்கு ஒப்புதல்?" என்று தோன்றும். உள்ளே ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. தன்னைச் சுற்றிய குழாயின் விட்டத்தை நம்பித்தான் அது காற்றைக் கணக்கிடுகிறது. விட்டம் மாறினால் கணக்கு தவறும், அதற்கேற்பப் பெட்ரோல் அளவும் தவறும். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் கன்வெர்ட்டர் மூன்று வகை நச்சையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்யும். கம்பெனி டப்பாவுக்குள் போடும் மாற்று ஃபில்டர் இந்தச் சிக்கல் எதிலும் மாட்டாது. உண்மையைச் சொன்னால், ஸ்டேஜ் 1 அளவில் கம்பெனி இன்டேக்கே போதும். பெரிய இன்டேக்கில் அதிகமாகக் கிடைப்பது சத்தம்.

கேட்-பேக் எக்ஸாஸ்ட்?

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள புகைக்குழாய் என்பதால் ஈஓ தேவையில்லை. ஒலிக்குத்தான் வரம்பு: 95 டெசிபல், குறிப்பிட்ட முறையில் அளந்தால். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வாங்குங்கள்.

இன்டர்கூலர், புளோ-ஆஃப் வால்வ், கேட்ச் கேன்?

பூஸ்ட் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் நல்ல முதலீடு. வெயிலில் தொடர்ந்து ஓட்டும்போது பூஸ்ட் காற்று சூடாகி, நாக் வராமலிருக்க இசியு பற்றவைப்பைப் பின்வாங்கும், வண்டி மந்தமாகும். பெரிய இன்டர்கூலர் அதைத் தடுக்கும். ஈஓ எண்ணோடு வருவதை வாங்குங்கள்.

காற்றை வெளியே விட்டு "ஷ்ஷ்" என்று சத்தம் போடும் புளோ-ஆஃப் வால்வ் இந்த வண்டிக்கு வேண்டாம். ஏர்ஃப்ளோ சென்சார் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்றை வெளியே விட்டால், கணினி அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும். கம்பெனி வால்வ் காற்றை இன்டேக்குக்கே திருப்பிவிடுகிறது. அதுவே சரி.

என்ஜின் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் போட்டால், கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிப்பகுதி) ஆவி மறுபடி இன்டேக்குக்குள் போகும் மூடிய அமைப்பாக இருக்க வேண்டும். குழாயைக் கீழே தொங்கவிட்டு ஆவியைக் காற்றில் விடுவது தவறு. கலிபோர்னியா 1961இல் கார்களுக்கு விதித்த முதல் புகைக் கட்டுப்பாடே அந்த ஆவியை அடைத்து எரிக்கும் பிசிவி வால்வ்தான்.

இ85 ஊற்றலாமா?

இ85 என்பது எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள். தாவரத்திலிருந்து வருவது, அதனால் சுத்தம் என்பார்கள். நாக்கைத் தாங்கும் திறன் அதற்கு அதிகம் என்பது உண்மையே. ஆனால் இ85க்குக் கம்பெனி அனுமதிக்காத வண்டியில் ஃப்ளெக்ஸ் ஃபியூவல் கிட் போடுவது எரிபொருள் அமைப்பையும் மேப்பையும் மாற்றுவதாகும். உங்கள் மாடலுக்கு ஈஓ உள்ள கிட் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஸ்மாக் சோதனையில் உண்மையில் என்ன நடக்கிறது?

2000 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு டெயில்பைப்பில் குழாய் சொருகுவது பொதுவாக இல்லை. சோதிப்பவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சொருகுமுனையில் ஒரு கேபிளை மாட்டி, இசியுவில் இருப்பதைப் படிக்கிறார்: செக் என்ஜின் விளக்கு, பிழைகள், மென்பொருள் அடையாளம், கண்காணிப்புச் சோதனைகள் முடிந்தனவா என்பது.

அடுத்து பானெட். டார்ச் அடித்துப் பார்ப்பார். இன்டேக் குழாயில் கம்பெனி எழுத்து இல்லையென்றால் கண் ஈஓ ஸ்டிக்கரைத் தேடும். பிசிவி குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பார். பிறகு அடியில், கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, முத்திரை எண் தெரிகிறதா என்று. ஸ்டிக்கர் கிழிந்து எண் படிக்க முடியாவிட்டால், சட்டப்படியான பாகம்கூட அங்கே மாட்டிக்கொள்ளும். கையில் ஆணைப் பிரதி இருப்பது இதற்குத்தான்.

நீங்கள் சரியாக இருந்தும் தோற்றுவிட்டால் ஸ்மாக் ரெஃபரியிடம் நேரம் கேட்டுப் போகலாம். மாநிலத்தின் சார்பில் இறுதியாகப் பார்த்துச் சொல்பவர்கள் அவர்கள். என்ஜினையே மாற்றியவர்களும் அவர்களிடம்தான் போக வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். நாளைக்குச் சோதனை. பரவாயில்லையா?

தள்ளிப்போடுங்கள். பேட்டரி இணைப்பு போனாலும், ட்யூன் ஏற்றினாலும், பிழையை அழித்தாலும் இசியுவின் கண்காணிப்புச் சோதனைகள் பூஜ்யத்துக்குத் திரும்பும். 2000 முதலான பெட்ரோல் வண்டிகளில் பெட்ரோல் ஆவி சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். மற்றவை முடிந்திருக்க வேண்டும். 2010 முதலான வண்டிகளில் நிரந்தரப் பிழைகளையும் பார்க்கிறார்கள். அழித்தாலும் அவை அழியாது, கோளாறு சரியானதை இசியு தானே உறுதி செய்த பிறகே போகும். சில நாட்கள் இயல்பாக ஓட்டுங்கள்: இரவெல்லாம் ஆறிய வண்டியில் காலை ஸ்டார்ட், கொஞ்சம் ஊருக்குள், கொஞ்சம் சீராக ஹைவே. டாங்க்கை நிரப்பவும் வேண்டாம், காலியாக்கவும் வேண்டாம்.

என் வண்டி புதிது. முதல் 8 மாடல் ஆண்டுகளுக்கு ஸ்மாக் சோதனையே இல்லையே?

சோதனைக்கு விலக்கு உண்டு, சட்டத்துக்கு இல்லை. காவலர் பானெட்டைத் திறக்கச் சொல்லி 27156இன் கீழ் சீட்டு எழுதலாம். அப்படி எழுதினால் வண்டியைச் சரிசெய்து ரெஃபரியிடம் காட்டித்தான் மீள முடியும்.

டெக்சாஸிலிருந்து வேலை மாறி வருகிறேன். அங்கே மாடிஃபை செய்த வண்டி.

நம்மவர்களில் பலருக்கு வரும் நிலைமை இது. இங்கே முதன்முறை பதிவு செய்யும்போது பொதுவாக ஸ்மாக் சான்றிதழ் கேட்பார்கள். வரும் முன்பே, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கும் ஊரிலேயே கம்பெனி பாகங்களை மாட்டி, கம்பெனி மேப்பை ஏற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை எறியாமல் வைத்திருந்தால் பிழைத்தீர்கள். கன்வெர்ட்டரோடு கூடிய ஜே-பைப்பைப் புதிதாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும்.

வாரன்ட்டி போய்விடுமா?

1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பாகம் இருக்கிறது என்பதற்காக மட்டும் முழு வாரன்ட்டியை மறுக்க முடியாது. கோளாறுக்கு அந்தப் பாகம் காரணம் என்று காட்ட வேண்டும். ஸ்பீக்கர் மாற்றியவருக்கு கியர்பாக்ஸ் வாரன்ட்டி போகாது. ஆனால் ட்யூன் ஏற்றிய என்ஜினில் பிஸ்டன் உடைந்தால் விவாதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஈஓ என்பது புகைச் சட்டத்துக்கான ஒப்புதல், வாரன்ட்டிக்கான உறுதிமொழி இல்லை. அந்த இடரை ஏற்கும் வசதி இல்லாதவர்கள் வாரன்ட்டி முடியும் வரை பொறுப்பது நல்லது.

"ரேஸுக்கு மட்டும்" என்று எழுதிய பாகத்தைப் போட்டு, டிராக்குக்கு மட்டும் போனால்?

டிராக்குக்குச் சாலை வழியே ஓட்டிக்கொண்டு போவீர்கள் என்றால் அது சாலை வண்டிதான். டிரெய்லரில் ஏற்றிப்போகும், சாலைக்கே வராத போட்டி வண்டியின் கதை வேறு.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எதில் தொடங்குவது?

டயர். பிறகு பிரேக் பேடும் நல்ல பிரேக் ஆயிலும். அப்புறம் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் பின் ஸ்வே பார், வீல் அலைன்மென்ட். இவற்றுக்கு ஒரு சான்றிதழும் வேண்டாம். மலைப்பாதையில் வண்டியின் குணமே மாறிவிடும். அதற்குப் பிறகு ஈஓ உள்ள ஸ்டேஜ் 1, அதற்கும் பிறகு இன்டர்கூலர். கலிபோர்னியாவின் லகூனா செக்கா பந்தயத் தடத்தில் டிராக் நாளில், டவுன்பைப் போட்டு சாதாரண டயரில் வருபவரைவிட இந்த வரிசையில் செலவழித்தவர் வளைவுகளில் நம்பிக்கையோடு ஓட்டுவார்.

விற்கும்போது?

கலிபோர்னியாவில் ஸ்மாக் சான்றிதழ் தருவது விற்பவர் பொறுப்பு. சான்றிதழ் 90 நாட்கள் செல்லும். மாடல் 4 ஆண்டுக்குள் என்றால் பெயர் மாற்றத்துக்குத் தேவையில்லை. ஈஓ ஆணைகள், ஸ்டிக்கர்கள், கழற்றிய கம்பெனி பாகங்கள் எல்லாவற்றையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த சோதனையில் அவருக்கு அவை தேவைப்படும்.